இழுத்துப் பார்க்காத பூட்டு

"வீட்டைப் பூட்டிட்டேன் டாக்டர். ஒரே தடவைதான். இழுத்துக்கூடப் பார்க்கல."

தையல்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

மனநல மருத்துவர் நிமிர்ந்தார். "நெஜமாவா? பாதி வழியில திரும்பிப் போகலையே?"

"தெருமுனையில கால் தானா திரும்பிச்சு. வந்த தைரியம் போயிடக் கூடாதுன்னு ஓட்டமும் நடையுமா வந்துட்டேன்."

மற்றவர்கள் கதவைப் பூட்டினால் பூட்டியதுதான். நம் ஆளுக்கு அப்படியில்லை. இழுத்துப் பார்ப்பார், தொங்கிப் பார்ப்பார், பஸ் ஏறியவர் இறங்கி வந்து மறுபடி இழுப்பார். மச்சினி கல்யாணத்தையே இப்படிக் கோட்டை விட்டதில் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னிக்கும் பூட்டைப் பார்க்கத் திரும்பி ஓடினீங்க, நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

"பக்கத்து வீட்டுக்காரருக்கு போன் போட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னீங்களா?"

"போனையே அணைச்சுட்டேன்."

"சபாஷ். நீங்க போய்ப் பார்க்கப் பார்க்க, பயம் தலைமேல ஏறி உக்காரும். பார்க்காம விட்டா, கொஞ்ச நேரம் ஆட்டம் போட்டுட்டுத் தானா அடங்கும். வைத்தியமே அதுதான்."

"பூட்டு பயம் அடங்கிடுச்சு டாக்டர். ஆனா எதையோ உள்ளயே விட்டுட்டு வந்த மாதிரி மனசு அடிச்சுக்குது."

"விட்டிருக்கலாம், விடாமலும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தோடயே உக்காருங்க. எழுந்து ஓடக் கூடாது."

உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், மருத்துவரை முறைத்துப் பார்த்தார். மெல்ல மெல்லப் படபடப்பு இறங்கியது. பாக்கெட்டில் சாவி சும்மா கிடந்தது. அவருக்கே சிரிப்பு வந்தது.

"ஜெயிச்சுட்டீங்க" என்றார் மருத்துவர். "இதை உங்க வீட்டம்மாவும் கேக்கணும். இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வரச் சொல்லியிருந்தேனே, வெளிய உக்காந்திருக்காங்களா?"

தையல்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. கை மெல்லச் சாவியைத் தேடிப் போனது.

"நான் பூட்டுறப்ப அவ உள்ள குளிச்சுக்கிட்டு இருந்தா டாக்டர்" என்றார். "எப்படியும் இன்னிக்கு அண்ணன் வீட்டுக்குப் போக முடியாது."