மூன்றாவது திரை

திரையில் கோடுகள் வளைந்து தெரிகின்றன என்று குறைபட்டே வான்மதி இரண்டு திரைகளை மாற்ற வைத்துவிட்டாள். மூன்றாவதை மாட்டிய இருதயராஜ் மேசைக்கடியில் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தான்.

ஆராய்ச்சிக்கு வரும் விழித்திரைப் படங்களில் நோயின் தடயம் தேடுவது அவள் வேலை. படங்களில் பெயர் இருக்காது. கண் பழுதானவர்களுக்கு அந்த வேலையும் கிடையாது.

புதுத் திரையில் முதல் படம் விரிந்தது. ஆரஞ்சு வட்டத்தின் ஓரத்தில் ஒரு ரத்தக்குழாய் கொலுசுக் கொக்கிபோல் வளைந்து கிடந்தது. நோயில்லாத கண்களுக்கு மாதிரியாக ஆண்டுதோறும் ஊழியர்களையும் படமெடுப்பார்கள். போன வருடம் அவளுடைய வலக்கண் படத்தில் எல்லோரும் பார்த்துச் சிரித்த கொக்கி அது. இந்த வருடப் படத்தின் நடுவில் மஞ்சள் புள்ளிகள், அவற்றையொட்டி ஒரு வீக்கம். கீழே வழக்கமான கேள்வி: நோய் உண்டா, இல்லையா? இரண்டில் ஒன்றைத் தொடாமல் அடுத்த கண் வராது.

"மேடம், இதாவது நேரா இருக்கா?" என்று கீழேயிருந்து கேட்டான் இருதயராஜ்.

வான்மதி இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். புத்தம்புதுத் திரையின் விளிம்பு நடுவில் நெளிந்தது.

"நேராத்தான் இருக்கு ராஜ்" என்றாள், கையை எடுக்காமல்.