குறை சொல்லாத சுவர்

வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் முன், சுவர்கள் தங்கள் குறையைத் தாங்களே சொல்லிவிடும். தரப் பொறியாளர் ரெஜினாவுக்கு இன்று அதில்தான் சந்தேகம். முதல் மாடிச் சுவர்கள் ஓயாமல் புலம்பியிருந்தன. மேலே வர வர ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

"நல்லா இருக்கேன் மேடம்," என்றது ஒன்பதாம் மாடிச் சுவர்.

நம்பாமல் சாவியால் தட்டிப் பார்த்தாள். உள்ளே பொந்துபோல் ஒலித்தது.

"ஏன் பொய் சொன்னே?"

"கீழே விரிசல்னு சொன்னவங்களை எல்லாம் இடிச்சுட்டீங்களே மேடம். சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு."

ரெஜினாவுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. அவள் வீட்டுச் சுவரும் தினமும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்கிறது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"சேவியர், பாப்பா எங்கே?"

"இங்கதான், சுவர்ல சாஞ்சு கார்ட்டூன் பாத்துக்கிட்டிருக்கா. ஏன்?"