மின்மினியின் உள்ளே

மின்மினி என்பது பிறக்காமலே போன குழந்தைக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப் பெயர். வீட்டுக் கணினியில் ஸ்கேன் படங்களும் இதயத்துடிப்பின் ஒலியும் இருந்த கோப்புறைக்கும் அதே பெயர்தான். கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரை வழியாக ஜெனிட்டா அந்தக் கோப்புறைக்குள் போய் நின்றிருந்தபோது, அவள் கணவன் ரூபன் பக்கத்து அறையிலிருந்தே தன் மடிக்கணினி வழியாக அதை அழித்துவிட்டான். அவள் திரையில் எதுவும் மாறவில்லை. மினுங்கும் கோட்டுக்கு முன்னால் மின்மினி என்ற பெயர் அப்படியே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டளை அடித்துக் கேட்டாள். பதிலே இல்லாமல் அடுத்த வரி வந்தது. புதிதாக ஒரு கோப்பை வைக்கப் பார்த்தாள். அப்படி ஓர் இடமே இல்லை என்றது திரை.

"நான்தான் அழிச்சேன், ஜெனி." ரூபன் வாசலில் வந்து நின்றான். "தெனமும் நீ அதுக்குள்ளயே கெடக்குறத என்னால பாக்க முடியல. ரெண்டு புள்ளி போட்டு வெளிய வந்துரு."

"வந்துட்டா திரும்பப் போக முடியாதே."

"அங்க ஒண்ணுமே இல்லம்மா."

"பேரு இருக்குல்ல."

ஒற்றைப் புள்ளி என்றால் நிற்கிற இடம். இரண்டு புள்ளி என்றால் அந்த இடத்தைத் தன்னுள் வைத்திருக்கும் மேல் கோப்புறை. இருவருக்கும் தெரிந்ததுதான். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ரூபன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து, இடம் மாறும் கட்டளையை அடித்து, ஒரு புள்ளி வைத்தான். இரண்டாவது புள்ளிக்காக அதே விசையின் மேல் விரலைக் கொண்டுபோனவன், திரையிலிருந்த பெயரைப் படித்தான்.

விரல் இறங்கவில்லை.