அரசாணிப் பிஞ்சு

பூ இன்னும் விரியவில்லை.

அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். ஓரிடத்தில் இருப்புக் கொள்கிற பிறவியா அது? நாமக்கல்லில் இருந்து நாக்பூர் வரை லாரியில் உட்கார்ந்தே போன உடம்பு, ஒரு கொடிக்கு முன்னால் உட்கார மாட்டேன் என்கிறது.

சட்டைப் பையில் போன் கனத்தது.

நேற்றுச் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டிருந்தார். "டிரைவர் வரல. முட்டை லோடு நிக்குது. ஒரே ஒரு நடை ஓட்டிக் குடுத்துருப்பா. விடிஞ்சதும் கூப்புடறேன்."

முதலாளியிடம் மூட்டுவலி என்று சொல்லித்தான் வேலையை விட்டிருந்தார். வலிப்பு என்று சொல்லவில்லை. நல்லவேளை, தாபாவில் நிறுத்திய வண்டிக்குள் வந்தது. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டார். டாக்டரைத் தவிர விஷயம் தெரிந்தது அவருக்கும் மனைவி நல்லம்மாவுக்கும் மட்டும்.

ஆனாலும் இரவே பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். லுங்கி, துண்டு, மாத்திரை.

நல்லம்மா பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

வேலையை விட்ட புதிதில், சும்மா கிடக்க முடியாமல்தான் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் அரசாணி விதை ஊன்றினார். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பரங்கி, மஞ்சள் பூசணி. ஊன்றிய விதையைத் தினமும் தோண்டித் தோண்டிப் பார்த்தார். தப்பிப் பிழைத்தது இந்த ஒரு கொடி.

கொடி நிறையப் பூ. அடியில் பிஞ்சு இல்லாத பூக்களையெல்லாம் பறித்தார். லோடு இல்லாத வண்டி எதற்கு ரோட்டை அடைக்க வேண்டும்? நல்லம்மா கடலைமாவில் தோய்த்துப் பொரித்தாள். நன்றாகவே இருந்தது.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டாதீர்கள், அழுகிவிடும் என்றாள் அவள். மடக்கிய விரலால்தான் காட்ட வேண்டுமாம். அவர் சிரித்தார். வேண்டுமென்றே ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார்.

பிஞ்சுகள் வெம்பி விழுந்தன.

ஒன்று விடாமல்.

"சொன்னனுங்களே, கேட்டீங்களா?" என்றாள் நல்லம்மா.

சந்தையில் விதை விற்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்க பறிச்சுத் தின்னது பூராம் ஆம்பளப் பூவுங்க. அதோட பொடி படாம பிஞ்சு எப்படி நிக்கும்? விடியால பூ விரியறப்ப நீங்களே தொட்டு வெச்சு விடுங்க. வெயில் ஏறுனா வாய மூடிக்கும்."

இப்போது கொடியில் ஒரே ஒரு ஆண்பூ. பிஞ்சோடு ஒரு பெண்பூ. இலைகளும் பழுக்கத் தொடங்கிவிட்டன. இன்று விட்டால் அவ்வளவுதான்.

கிழக்கு வெளுத்தது.

மஞ்சள் இதழ்கள் மெல்ல விலகின. ஆண்பூவைப் பறித்தார். இதழ்களைக் கிழித்துப் போட்டார். நடுவில் பொடி பூசிய தண்டு மட்டும் விரல்களுக்கிடையில் நின்றது.

போன் அடித்தது.

வலது கால் தானாக மண்ணை அழுத்தியது. ஆக்ஸிலேட்டர்.

ஒரு நடைதானே. யாருக்குத் தெரியப்போகிறது? உடம்பெல்லாம் பறந்தது. செத்தாலும் வண்டியிலேயே சாகலாம் என்றிருந்தது.

எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான்?

கை சட்டைப் பைக்குப் போகப் பார்த்தது. அசைந்தால் பொடி உதிர்ந்துவிடும். இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

பெண்பூவின் நடுவில் ஒற்றினார். மெதுவாக. இன்னொரு தரம்.

பின்னால் நல்லம்மா வந்து நின்றாள். கையில் அவருடைய பை. கொடுத்து அனுப்ப எடுத்து வந்தாளா, ஒளித்து வைக்க எடுத்தாளா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் போனைப் பற்றிக் கேட்கவில்லை. "எந்தப் பிஞ்சுங்க?" என்றாள்.

அவர் கையை நீட்டினார்.

சுட்டுவிரலை மடக்கிக்கொண்டு காட்டினார்.