அழிச்சாச்சு!

"எங்க கல்யாண ஃபோட்டோ மொத்தத்தையும் அழிங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி."

ஸ்டுடியோவுக்குள் நுழைந்த பெண் உட்காரக்கூட இல்லை.

"ஆன்லைன்ல ஏத்தி வெச்சிருக்கறதையாம்மா?" என்றார் ஃபோட்டோகிராஃபர்.

"அது ஒண்ணுதான் மிச்சம். ஆல்பத்தை நான் கிழிச்சாச்சு. ஹார்டு டிஸ்க்கை அவர் சுத்தியலால உடைச்சாச்சு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தோம்."

ஃபோட்டோகிராஃபர் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டி, திரையை அவள் பக்கம் திருப்பினார். அவர்கள் பெயரில் இருந்த ஃபோல்டரைக் காணோம்.

"அழிச்சாச்சும்மா."

"தேங்க்ஸ்" என்று விறுவிறுவென்று கதவு வரை போனவள், அங்கே நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பக்கத்து மேஜையில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ஆனால் அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"சார், நீங்க அழிக்கல. வேற ஒரு ஃபோல்டருக்குள்ள தூக்கிப் போட்டீங்க. நான் பார்த்தேன்."

"பார்த்துட்டியா? கெட்டிக்காரி."

"பொய் சொல்லிட்டீங்களே சார்! அது அவங்க படம். அழிக்கச் சொன்னா அழிக்கணும். திரும்ப வந்து கேட்டா, மீட்டுத் தர்றேன்னு சொல்லிக் காசு கறக்கவா?"

உள் அறையில் படங்களுக்கு ஃப்ரேம் போட்டுக்கொண்டிருந்த ஃபோட்டோகிராஃபரின் மனைவி களுக்கென்று சிரித்தாள். "நல்லாக் கேளும்மா!" என்று குரல் மட்டும் வந்தது.

ஃபோட்டோகிராஃபர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் லென்ஸைத் துடைத்தார்.

"ஒரு வருஷம் வெச்சிருப்பேன். அதுக்கப்புறமும் தீரலைன்னா அது நியாயமான கோபம். அன்னைக்கு நிஜமாவே அழிச்சுடுவேன்."

"அதைத் தீர்மானிக்க நீங்க யாரு சார்?"

"ஃபோட்டோகிராஃபர்."

டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். போவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டுத்தான் போவது என்றும்.

அதற்கு வேலை வைக்காமல் பதினோராம் நாள் அந்தப் பெண்ணே வந்தாள். இந்த முறை நுழைந்ததும் உட்கார்ந்தாள்.

"அண்ணா... அன்னைக்கு அழிச்சீங்களே... எங்கேயாவது ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்குமா?"

"எதுக்கும்மா?"

"சும்மாதான்." விரலால் மேஜையைச் சுரண்டினாள். "அவரும் வந்திருக்கார். உள்ளே வர வெட்கமாம்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவன் ஒரே விளம்பரத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

ஃபோட்டோகிராஃபர் மோவாயைத் தடவினார். "அழிச்சதை மீட்கறது லேசுப்பட்ட வேலை இல்லம்மா. ரெண்டு நாள் ஆகும். கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்."

அவள் முகம் சுண்டிப்போனது. "ப்ளீஸ் அண்ணா. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை."

இதோ, காசுக்கு வந்தாச்சு என்று டிசைனர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"காசெல்லாம் வேணாம். ரெண்டு நாள் ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கவலைப்படுங்க. அது போதும்."

அவள் போனதும் டிசைனர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். கோபம் பாதி இறங்கியிருந்தது.

"அந்த ஃபோல்டரைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

ஃபோல்டரின் பெயர் 'ஆறட்டும்'. உள்ளே பதினேழு ஜோடிகள். இருப்பதிலேயே பழையதைத் திறந்தாள். காலியாக இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே சார்? ஒரு வருஷம் ஆகி அழிச்சுட்டீங்களா?"

ஃபோட்டோகிராஃபர் உள் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது எங்க கல்யாணம். அழின்னு அவ சொன்னா. நானும் வீராப்பா நிஜமாவே அழிச்சுட்டேன். மறுநாள் காலையிலேயே வந்து, எங்கேயாவது ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்குமான்னு கேட்டா."