அண்ணனின் மலைச் சைக்கிள்

சரிவின் உச்சியில் மலைச் சைக்கிளை நிறுத்தி, ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறாள் மருந்துக்கடைக்காரி. மழை விட்ட காலை. மரங்களின் இடுக்கில் விழும் வெயிலில், பாதையின் குறுக்கே ஓடும் வேர்கள் எண்ணெய் பூசியதுபோல் மின்னுகின்றன. ஏற்கெனவே இரண்டு முறை பயந்து, பாதியில் இறங்கி உருட்டிக்கொண்டு போனவள். கீழே வளைவில், ஊன்றுகோலில் சாய்ந்தபடி அண்ணன். சைக்கிள் அவனுடையது, தசைகளைத் தின்னும் நோய் வந்த பிறகு அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

"வேரைப் பாக்காதே, போற எடத்தைப் பாரு!" என்று கத்துகிறான்.

"விழுந்துட்டா?"

"எழுந்துக்கோ. உன்னாலதான் முடியுமே!"

சொல்லிவிட்டு அவன் ஊன்றுகோலை மாற்றி ஊன்றுகிறான். இலைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. அவள் பிரேக்கிலிருந்து விரல்களைத் தளர்த்துகிறாள். முதல் வேர் பல்வரைக்கும் குலுக்குகிறது. இரண்டாவதில் முழங்கைகள் தாமாக மடிந்து கொடுக்கின்றன. மூன்றாவதை அவள் கவனிக்கவேயில்லை, வளைவு வந்துவிடுகிறது.

"வந்துட்டேண்ணா!" மூச்சிரைக்கச் சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். முதுகில் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்குகிறான். அது அவள் இடுப்புக்கு மேல் எழும்ப மறுக்கிறது. சிரிப்பை நிறுத்தாமல் அவள் நன்றாகக் குனிந்து, அந்தக் கைக்கு எட்டுமாறு முதுகைக் கொடுக்கிறாள்.