அரக்கு வைத்த பால்

மஸ்கெலியாவில் மழை விட்டபாடில்லை. தேத்தண்ணிக்கடை முதலாளி ஸுஹைர் எட்டிப் பார்த்தபடி நிற்கிறார். சுகாதாரப் பரிசோதகர் தண்ணீர்க் கலப்பைச் சோதிக்கப் பாலில் விட்ட கண்ணாடிமானி, நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டி அமிழ்ந்து போகிறது. "தண்ணி," என்கிறார் பரிசோதகர், கோபப்படவும் தெம்பில்லாத குரலில். தோட்டத்து லய வீட்டிலிருந்து கடைக்குப் பால் கொண்டுவந்த நாகலெட்சுமி வாசலில் சொட்டச் சொட்ட நிற்கிறாள். "கேன் வாயில வாழையிலைய அடச்சுத்தாங்க கொண்டாந்தேன். வழியில காத்து பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. மழத்தண்ணிங்க, நான் ஊத்தல!" "மழை கோர்ட்டுக்கு வருமா, புள்ள?" என்கிறார் ஸுஹைர் அலுப்போடு. வழக்கு, பாலைக் கடையில் வைத்து விற்பவர்மேல்தான்; கடை லைசென்ஸே போய்விடும். பரிசோதகர் பாலை மூன்று போத்தல்களில் பிரித்து, மூடிகளில் சிவப்பு அரக்கைச் சொட்டவிட்டு, கடைக்காரர் பங்கை ஸுஹைரிடம் நீட்டுகிறார். வாங்கி வைத்துவிட்டு, கைப்பழக்கத்தில் ஸுஹைர், பரிசோதகர் வழக்கமாகக் குடிக்கும் பால்தேத்தண்ணிக்குக் கிளாஸை எடுக்கிறார். "இன்னைக்கு பால் வேணாம், பிளேன்டீ போதும், முதலாளி," என்கிறார் பரிசோதகர், மழையைப் பார்த்தபடி.